அண்ணனின் மூளையும் நிரம்பிய டிஸ்க்கும்

ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அண்ணன்தான் ஆள் பிடித்துக் கொடுத்தார். அவர் மலேசியாவின் தென்கோடியில், பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவள். நாற்பதை நெருங்கும் வயதில் படிப்பு விடுப்பு எடுத்து, ஜொகூர் பாருவில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். தலைப்பு கேட்பதற்கு எளிது: பல வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவர்களின் மூளைக்கும், பகல் வேலை மட்டுமே பார்த்தவர்களின் மூளைக்கும் வடிவத்தில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

பகல் வேலைக்காரர்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள், கூப்பிட்டால் வந்தார்கள். ஷிப்ட்காரர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. விடுமுறை நாளில் தூங்க நினைப்பவனை எழுப்பி, "வாங்க, ஒரு குழாய்க்குள் அரைமணி நேரம் ஆடாமல் படுத்திருங்கள்" என்றால் யார் வருவார்கள்?

அண்ணன் கம்பெனி பஸ்ஸில் பேசிப் பேசியே ஆட்களைச் சேர்த்தார். "என் தங்கச்சிதான் பண்றா லா. ஒண்ணும் வலிக்காது. சும்மா படுத்துக்கிட்டா போதும், தூங்கிட்டாகூட பரவால்ல" என்று அவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசத்து இளைஞர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை எங்களுக்குக் கிடைத்தது. என் மேற்பார்வையாளரான டாக்டரே அங்கே கதிரியல் நிபுணர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே உத்தியோகத்துக்காக மலாயாவுக்கு வந்தவர்கள். ஆனாலும் வீட்டுத் தமிழ் அவர் வாயில் அப்படியே இருந்தது.

அண்ணன் உண்மையிலேயே தூங்கிவிட்டார். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் காது செவிடாகும். அதற்குள்ளே இவர் குறட்டை விடுகிறார். தலை ஆடியதால் இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துவிட்டு, "பாவம், அவருக்கு வேற எங்கை நித்திரை கிடைக்கும்" என்றார்.

சிரிப்போடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் படம் எடுத்த நாளிலிருந்தே அண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அண்ணிதான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். "உங்க அண்ணன் மோட்டார் சைக்கிள் சாவிய எங்க வெச்சார்னு தெரியாம தினம் தேடுறார். போன வாரம் கடைக்குப் போய், எதுக்கு வந்தோம்னே தெரியாம திரும்பி வந்துட்டாராம். மூளை கெட்டுப் போச்சு, அதான் தங்கச்சி இன்னும் ரிசல்ட் சொல்ல மாட்டேங்குறான்னு நெனைக்கிறார். ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூங்காம மேல பாத்துக்கிட்டே படுத்திருக்கார்."

நான் அண்ணனிடம் பலமுறை விளக்கினேன். இது ஒரு ஆளைப் பற்றிய சோதனை இல்லை, இரண்டு கூட்டத்தைப் பற்றிய சோதனை. படங்களில் பெயரே கிடையாது, வெறும் குறியீட்டு எண்தான். எது உன் படம் என்று எனக்கே தெரியாது. சந்தேகமாக ஏதும் இருந்தால் டாக்டரே கூப்பிடுவார். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த வாரம் போனை எடுத்ததும் முதல் கேள்வி, "முடிஞ்சிச்சா?" என்பதாகவே இருக்கும்.

முடியவில்லை. முடியாததற்குக் காரணம் மூளை இல்லை. கணினியின் டிஸ்க்.

எந்த இரண்டு கூட்டம் மனிதர்களின் மூளைப் படங்களை ஒப்பிட்டாலும் எங்கேயாவது ஒரு வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அது ஷிப்ட் வேலையால் வந்ததா, வெறும் தற்செயலா என்பதே கேள்வி. அதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்திய முறைக்கு வரிசைமாற்றச் சோதனை என்று பெயர். ஒவ்வொரு படத்தின் மேலும் 'ஷிப்ட்', 'பகல்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சீட்டையும் பிய்த்து, குலுக்கி, யாருக்கு எது என்று பார்க்காமல் மறுபடி ஒட்ட வேண்டும். இப்போது அந்தக் கூட்டங்களுக்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் ஒப்பிட்டால் ஏதோ ஒரு வித்தியாசம் வரும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுபடி குலுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை. கடைசியில், உண்மையான சீட்டுகளோடு வந்த வித்தியாசம் இந்தக் குலுக்கல் வித்தியாசங்களை எல்லாம் தாண்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அதற்கு அர்த்தம் உண்டு.

ஒருநாள் சாப்பிடும்போது இதை அண்ணனிடம் சொன்னேன். வஞ்சிர மீன் துண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அப்போ கம்ப்யூட்டர்ல நான் பாதி நேரம் பகல் வேலைக்காரனா இருக்கேன்?"

"ஆமா. கிட்டத்தட்ட பாதித் தடவை."

"கம்பெனி குடுக்கல. நீயாச்சும் குடுத்தியே, தேங்க்ஸ் லா."

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குக் காரோட்டும்போது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஏனென்றால் இந்தக் குலுக்கல் கணக்கின் முதல் ஓட்டம் அப்போது ஆய்வுக்கூடக் கணினியில் பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தின் பொது டிஸ்க்கில் காலியிடம் கண் முன்னாலேயே குறைந்துகொண்டே வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் கணினியை என்னோடு பகிர்ந்துகொண்டவள் ஒரு மலாய்ப் பெண். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். என்னைக் 'காக்' என்று கூப்பிடுவாள், அக்கா என்பது போல. அவள் ஆய்வேட்டை ஒப்படைக்கும் கட்டத்தில் இருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போது அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"காக், எதையும் சேமிக்க முடியல. டிஸ்க் ஃபுல்" என்றாள் மலாயில்.

என் இருக்கைக்கு ஓடினேன். குலுக்கல்கள் எல்லாம் முடிந்திருந்தன. ஆனால் முடிவைக் கோப்பாக எழுதும் நேரத்தில் இடம் போதாமல் நிரல் செத்துப்போயிருந்தது. பாதி எழுதிய கோப்பு ஒன்று மலைப்பாம்பு போலக் கிடந்தது. திறந்தால் திறக்கவில்லை. அத்தனை நாள் ஓட்டமும் அந்தத் திறக்காத கோப்பில் போய்விட்டது.

"அலமாக்" என்றாள் அவள், ஐயையோ என்பது போல, என் முகத்தைப் பார்த்து. அவளுடைய வேலையும்தான் நின்றுபோயிருந்தது. ஆனாலும் அவள் கோபப்படவில்லை. கீழே போய் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிவந்து ஒன்றை என் முன்னால் வைத்தாள். "முதல்ல சாப்பிடுங்க. பிறகு அழிக்கலாம்."

சாப்பிட்டுவிட்டு அந்த உடைந்த கோப்பை அழித்தேன். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குப் பிரச்சினை அப்படியே இருந்தது.

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் செய்துபார்த்த காரியங்களை இப்போது நினைத்தாலும் களைப்பாக இருக்கிறது. வெளியே செருகும் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரே கோப்பாக ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. அதை வேறு முறையில் வடிவமைத்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னால், இந்த முறை நிரலே, தன் கோப்பு வகைக்கு இவ்வளவு பெரிய அட்டவணை கொள்ளாது என்றது. குலுக்கல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஓட்டப் பார்த்தேன். ஒட்டவைக்கும் இடத்தில் குழப்பம் வந்தது. மண்டையோட்டையும் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் விட்டு, மூளையின் சாம்பல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு வடிகட்டி போட்டேன். அது நல்ல காரியம். அளவு கொஞ்சம் இறங்கியது. ஆனால் போதவில்லை.

கடைசியில், குலுக்கல்களைக் குறைத்துவிடலாமா என்ற நினைப்பு வந்தது. குறைத்தால் கோப்பு சிறிதாகும், ஆனால் பதில் கரடுமுரடாகும். பஸ்ஸில் பேசிப் பேசி அண்ணன் கொண்டுவந்த அத்தனை பேரையும் படுக்கவைத்துப் படமெடுத்துவிட்டு, டிஸ்க்கில் இடமில்லை என்பதற்காக அரைகுறைப் பதில் சொல்வதா? மனம் ஒப்பவில்லை.

ஒரு மதியம், வேறு வழியில்லாமல், நிரலை முதலிலிருந்து ஒவ்வொரு தெரிவாகப் படித்துக்கொண்டு வந்தேன். முதல் தடவை கணக்கைத் தயார் செய்தபோது மளமளவென்று அழுத்திக்கொண்டு போன அதே தெரிவுகள்தான். நடுவில் ஒரு கேள்வி இருந்தது.

அந்தக் கேள்வியை இப்படிச் சொல்லலாம். மூளைப் படம் என்பது லட்சக்கணக்கான குட்டிக் கனச்சதுரங்களை அடுக்கிய ஒரு பெட்டி. ஒவ்வொரு கனச்சதுரத்திலும் இரு கூட்டத்துக்குமான வித்தியாசம் ஓர் எண்ணாக இருக்கும். மேடு பள்ளமான நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் குடியிருக்கும் கோத்தா திங்கியில் வெள்ளம் வரும்போது, தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறினால் எந்தெந்த மேடு தீவாக வெளியே தெரியும், அதில் எது பெரிய தீவு என்று பார்ப்போம் அல்லவா, அதே கணக்குத்தான். நிரல் கேட்ட கேள்வி: தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று இப்போதே சொல்கிறாயா, பிறகு முடிவு செய்கிறாயா?

நான் 'பிறகு' என்று கொடுத்திருந்தேன். அதுதான் பாதுகாப்பு என்று அப்போது தோன்றியது. பின்னால் எந்த மட்டம் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாமே! ஆனால் பிறகு முடிவு செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சமாவது மேடாக இருக்கும் ஒவ்வொரு கனச்சதுரத்தின் இடத்தையும் உயரத்தையும் நிரல் எழுதிவைத்தாக வேண்டும். எந்த மட்டம் கேட்பேன் என்று அதற்கு என்ன தெரியும்? எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதுதான். மட்டத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால், ஒரு குலுக்கலுக்கு அது எழுதிவைக்க வேண்டியது ஒரே ஓர் எண். மிகப் பெரிய தீவின் அளவு. அவ்வளவுதான்.

'பிறகு' என்ற தெரிவின் பக்கத்திலேயே, மெதுவாக ஓடும், கோப்புகள் மிகப் பெரிதாகும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். படித்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. இணையத்தில் தேடினேன். இந்த நிரலைப் பயன்படுத்துகிறவர்களின் மடல் குழுவில், எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே இதே புலம்பலைப் புலம்பியிருந்தார். பதில் இரண்டே வரி. மட்டத்தை முன்னாலேயே கொடுங்கள், கோப்பு சுருங்கிவிடும்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்து, "என்ன காக்?" என்றாள். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினேன்.

மட்டத்தை முன்னாலேயே கொடுப்பதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எந்த மட்டம்? அதை நானாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய், உணவகத்தில் டாக்டரைப் பிடித்தேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"நீர் ஏதும் பார்த்திட்டீரோ?"

"எதை டாக்டர்?"

"முடிவை. முதல் ஓட்டத்திலை என்ன வந்ததெண்டு."

"இல்ல டாக்டர். பார்க்கவே முடியல. கோப்பு திறக்கறதுக்கு முன்னாலேயே செத்துப்போச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். முகம் மலர்ந்தது. "அது நல்லதாப் போச்சு. இனி நாங்கள் எந்த மட்டத்தை வைச்சாலும், பார்த்துப்போட்டு வைச்சது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. நாங்களும் எங்களையே சந்தேகப்படத் தேவையில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கோப்பு மட்டும் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரு மட்டம் வைத்துப் பார்த்திருப்பேன். ஒன்றும் தெரியாவிட்டால் கொஞ்சம் இறக்கியிருப்பேன். பிறகு கொஞ்சம் ஏற்றியிருப்பேன். எங்கேயாவது ஒரு மட்டத்தில் ஏதாவது ஒரு தீவு பெரிதாகத் தெரிந்திருக்கும். அதையே பிடித்துக்கொண்டு, இதுதான் ஷிப்ட் வேலையின் அடையாளம் என்று எழுதியிருப்பேனோ? தெரியாது. எழுதியிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய என்னால் முடியாது. டிஸ்க் நிரம்பி அந்த வாய்ப்பே எனக்கு வராமல் போனதில், இத்தனை வாரம் சபித்துக்கொண்டிருந்த அந்தக் கோப்பின் மேல் எனக்குத் திடீரென்று ஒரு நன்றி வந்தது.

இந்தத் துறையில் பலரும் வழக்கமாக வைக்கிற, கொஞ்சம் கடுமையான மட்டம் ஒன்றை அந்த மேஜையிலேயே இருவரும் பேசி முடிவு செய்தோம். அதை அப்போதே மின்னஞ்சலாக எழுதி இருவருக்கும் அனுப்பிக்கொண்டோம். இனி மாற்றுவதற்கில்லை.

மறுநாள் பெரிய ஓட்டத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். உண்மை முடிவு கண்ணில் பட்டுவிடாமல் இருக்க, வேண்டுமென்றே தவறான சீட்டுகளை ஒட்டி, சில குலுக்கல்கள் மட்டும் ஓட்டி, கோப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். என் கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படத்தைவிடச் சிறியதாக வந்தது. நம்பாமல் மறுபடி பார்த்தேன். அதே அளவுதான். உண்மையான ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் கார் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு பாட்டுப் பாடினேன்.

அந்த நிம்மதி இரண்டு நாள்தான். பருவமழை பிடித்துக்கொண்டது. கோத்தா திங்கியில் ஆறு ஏறியது. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் வெளியே போகும் சாலை மூழ்கிவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் தண்ணீருக்குள் நிற்க, நடுவில் சாலை எங்கே என்றே தெரியவில்லை. நான் வீட்டில் மாட்டிக்கொண்டேன். ஆய்வுக்கூடக் கணினியை வெளியிலிருந்து பார்க்கும் வசதி எனக்கு இல்லை. இடி இடிக்கும் ஒவ்வொரு முறையும், அங்கே மின்சாரம் போயிருக்குமோ, ஓட்டம் நின்றிருக்குமோ என்று எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். அண்ணன் போன் பண்ணி, "தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சா? நான் லோரி எடுத்துக்கிட்டு வரட்டுமா?" என்றார். வர வேண்டாம், பத்திரமாக இருக்கிறேன் என்றேன். "அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

மழை சற்று விட்டிருந்த ஒரு பகலில் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. மலாய்ப் பெண் அனுப்பியிருந்தாள். கணினித் திரையைப் படமெடுத்திருந்தாள். கீழே, "தா சியாப், காக்!" முடிந்துவிட்டது, அக்கா. கணக்கு முழுவதும் ஓடி, கோப்பு ஒழுங்காக எழுதப்பட்டு, கர்சர் அமைதியாகக் காத்திருந்தது. அவளே தொடர்ந்து எழுதினாள்: முடிவைத் திறந்து பார்த்துச் சொல்லட்டுமா?

வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து, மதியம் முழுவதும் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி மாதக்கணக்காயிருந்தது.

தண்ணீர் வடிந்து சாலை திறந்ததும் போனேன். டாக்டரும் வந்திருந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தோம். நாங்கள் வைத்த மட்டத்துக்கு மேலே சில சின்னத் தீவுகள் தெரிந்தன. அவற்றில் மிகப் பெரியதைக் குலுக்கல்களோடு ஒப்பிட்டோம். சீட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் அதைவிடப் பெரிய தீவுகள் ஏராளமாக வந்திருந்தன. அதாவது எங்களுடையது தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்லக்கூடிய வித்தியாசமே இல்லை.

நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றம் இருக்குமோ என்று.

"வித்தியாசம் இல்லை எண்டு சொல்லேலாது," என்றார் அவர் நிதானமாக. "எங்கட கண்ணுக்குத் தெரியேல்லை எண்டு சொல்லலாம். அதை ஒழுங்கா எழுதுவம். அதுவும் ஒரு பதில்தானே."

ஆய்வாளர் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. யாருக்குத்தான் தன் படத்தில் ஒரு பிரகாசமான தீவு வேண்டாம்? ஆனால் அடுத்த நொடியே, பாசிர் கூடாங்கிலிருந்து வந்து படுத்த அத்தனை முகங்களும் நினைவுக்கு வந்தன. உங்கள் வேலை உங்கள் மூளையைத் தின்றுவிட்டது என்று அவர்கள் முன்னால் போய் நின்று சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சின் மேல் யாரோ வைத்திருந்த அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பங்கெடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தோம். ஒரு விடுமுறை நாளில் பாசிர் கூடாங்கிலேயே, ஷிப்ட் முடித்தவர்கள் வந்து உட்காரும் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்தில் பின்பக்கத்து மேஜைகளைக் கேட்டு வாங்கினோம். காலை ஷிப்டில் இருந்தவர்கள் தவிர நிறையப் பேர் வந்தார்கள். ரொட்டி சானாய் வந்துகொண்டேயிருந்தது. நான் எழுந்து நின்று, வகுப்பெடுக்கிற குரலில், படங்களில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை என்றேன். இதனால் ஷிப்ட் வேலை உடம்புக்கு நல்லது என்று அர்த்தமில்லை, தூக்கம் கெட்டால் வேறு பல கெடுதல்கள் உண்டு என்றும் சொன்னேன். மலாயிலும் சொன்னேன். அவர்கள் முதல் பாதிக்குக் கைதட்டினார்கள். இரண்டாம் பாதியை எவ்வளவு பேர் கேட்டார்கள் என்று தெரியாது.

அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் டாக்டரிடம் போய் நின்றார்.

"டாக்டர், எல்லாருக்கும் சேத்து சொல்றீங்க. என்னோடதுல தனியா ஏதாச்சும் இருக்கா? மறதியா வருது டாக்டர். பயமா இருக்கு."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் வாயிலிருந்து 'பயம்' என்ற சொல்லை அதுவரை கேட்டதில்லை. அப்பா இறந்தபோதுகூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். "ஒவ்வொருத்தற்றை படத்தையும் எடுத்த கிழமையே நான் தனித்தனியாப் பார்த்தனான். அது என்ரை வேலை. உங்கட தங்கச்சியின்ரை கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. சந்தேகமா ஏதும் இருந்த ரெண்டு மூண்டு பேரை அப்பவே கூப்பிட்டுச் சொல்லியாச்சு. உங்களைக் கூப்பிட்டனானோ?"

"இல்ல."

"அப்ப ஒண்டும் இல்லை எண்டுதானே அர்த்தம். இவ்வளவு நாளும் அதையோ யோசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். இதே விஷயத்தை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கூட்டம் வேறு, தனி ஆள் வேறு, சந்தேகம் இருந்தால் டாக்டரே கூப்பிடுவார் என்று. தங்கச்சி சொன்னால் அது ஆறுதல். டாக்டர் சொன்னால்தான் அது செய்தி. எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணனுடைய தோள் இரண்டும் கீழே இறங்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"மறதிக்கு நித்திரைக் குறைவே போதும்," என்றார் டாக்டர். "அதுக்கு ஒருக்கா கிளினிக்குக்கு வாங்கோ. ரத்தமும் பார்ப்பம். தள்ளிப்போடாதேங்கோ."

"வரேன் டாக்டர்," என்று எழுந்தவர், பாதி வழி போய்த் திரும்பி வந்தார். "டாக்டர், அந்தப் படம் ஒரு காப்பி கிடைக்குமா? சும்மா வெச்சுக்கலாம்னுதான்."

அவர் கேட்டதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே, எழுதிக் கொடுங்கள், தருகிறேன் என்றார்.

சில வாரம் கழித்து அண்ணி போன் பண்ணினார். கிளினிக்குக்குப் போய்வந்தாராம். ரத்தத்தில் இனிப்பு கொஞ்சம் கூடுதல், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லையாம். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வாங்கி மாட்டியாயிற்றாம்.

"இப்பல்லாம் ஷிப்ட் முடிஞ்சு வந்தா குளிச்சிட்டு நேரா படுக்கைதான். பழைய மாதிரி கண்ணத் தொறந்துக்கிட்டு கெடக்குறதில்ல. ஆனா ஒண்ணு லா, குறட்டைதான் தாங்கல. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வந்து, லோரி ஏதாச்சும் ஓடுதான்னு கேட்டுட்டுப் போறாங்க."

நான் சிரித்ததில் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது. அண்ணியும் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார். எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டார். இந்த வாரமே வருகிறேன், நண்டு வாங்கிவைத்துவிடுங்கள் என்றேன்.